கதவுக்கு அடியில் ஒரு ஓட்டையும் ஓர் ஈர்க்குச்சியும்

2017 சித்திரையில் ஊருக்குப் போயிருந்தேன். ஒரு காலையில் அப்பாவின் காரைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, இடப்பக்கப் பின்கதவுக்குக் கீழே, ரன்னிங் போர்டு என்று மெக்கானிக்குகள் சொல்கிற நீளப் பெட்டிப் பகுதியில், பெயிண்ட் அப்பளம் மாதிரி உப்பியிருப்பதைப் பார்த்தேன். கட்டைவிரலால் லேசாக அழுத்தினேன். விரல் உள்ளே போய்விட்டது. வெளியே எடுத்தபோது நகக்கண் முழுக்கக் காவி நிறத் தூள். தகடு என்று நினைத்த இடத்தில் தகடே இல்லை. பெயிண்ட் மட்டும் தோல் மாதிரி நின்றுகொண்டிருந்தது.

அப்பா திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. 2006ல் வாங்கிய கார் அது. துறைமுக வேலையில் முப்பது வருடம் சைக்கிளிலும் பிறகு மொபெட்டிலும் போய்வந்தவர், ஓய்வு பெறுவதற்கு முன் எங்களுக்காக வாங்கிய வெள்ளைக் கார். தினமும் காலையில் இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவி, துணியால் துடைத்து, மேலே கவர் போட்டு மூடிவிட்டுத்தான் காப்பி குடிப்பார். தெருவிலேயே பளபளப்பாக இருக்கும் வண்டி அதுதான். அந்த வண்டியில் விரல் போகிற ஓட்டை விழுந்ததை அவரால் நம்ப முடியவில்லை.

எங்கள் வீடு தூத்துக்குடியில், கடலிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள். உப்பளம் இருக்கிற ஊர். ஜன்னல் கம்பி, கேட் கொண்டி, மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் கவ்வி எல்லாம் துருப்பிடிப்பதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள். கார் மட்டும் பெயிண்ட் அடித்திருப்பதால் தப்பித்துவிடும் என்று ஏதோ ஒரு நம்பிக்கை.

அவசரத்தில் செய்த முதல் வேலை தப்பாகப் போனது. பக்கத்தில் இருந்த ஒரு பெயிண்டிங் கடையில் வண்டியை விட்டேன். மூன்று நாள், 14,000 ரூபாய். திரும்பி வந்தபோது கண்ணாடி மாதிரி இருந்தது, அப்பாவுக்கும் சந்தோஷம். அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் அதே இடத்தில் நாலு விரல் அகலத்துக்குக் கொப்புளம் கிளம்பியது. இந்த முறை கதவின் கீழ் விளிம்பிலும் இரண்டு.

அதற்குப் பிறகுதான் ஊருக்கு வெளியே பட்டறை வைத்திருக்கும் ஒரு டிங்கர் அண்ணாச்சியிடம் போனேன். பெரிய போர்டு எல்லாம் இல்லை, ஓலைக்கொட்டகையும் ஒரு வெல்டிங் மெஷினும்தான். அவர் வண்டியைச் சுற்றி நடந்தார். சட்டைப்பையிலிருந்து துணி சுற்றிய ஒரு காந்தத்தை எடுத்துக் கதவின் நடுவில் வைத்தார், ஒட்டியது. ரன்னிங் போர்டில் புதிதாகப் பெயிண்ட் அடித்த இடத்தில் வைத்தார், கீழே விழுந்தது.

“பாத்தியளா தம்பி? இங்க தகடு இல்ல. முழுக்கப் பட்டி.”

ஸ்க்ரூடிரைவரால் ஓரத்தைக் கிளப்பினார். ஓட்டைக்கு மேலே கொசுவலைத் துண்டு ஒன்றை வைத்து, அதன்மேல் பட்டியை, அதாவது பள்ளத்தை நிரப்பும் கெட்டிக் கலவையை அப்பி, தேய்த்துப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். பட்டிக்குப் பின்னால் பழைய துரு அப்படியே ஈரமாக இருந்தது.

“துரு வெளியில இருந்து உள்ள போவாது தம்பி. உள்ள இருந்துதான் வெளிய வரும். நீங்க பாக்கது கடைசி நாளு.”

அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். கல் பட்டுப் பெயிண்ட் தெறித்த இடம், கீறல் விழுந்த இடம் போன்றவற்றில் துரு வெளியே தொடங்கத்தான் செய்யும். அவை கண்ணுக்குத் தெரிகிற சின்ன எதிரிகள். காரைத் தின்பது அவை அல்ல. கதவின் உள்பக்கம், ரன்னிங் போர்டின் உள்பக்கம், சக்கரத்துக்கு மேலே இருக்கும் மடிப்பு, டிக்கியில் ஸ்டெப்னி உட்காரும் குழி, மிதியடிக்கு அடியில் இருக்கும் தரைத்தகடு என நாம் ஒருநாளும் பார்க்காத இடங்களில் நின்றுபோன ஈரம்தான் தின்கிறது. காரின் வெளித்தகடு பெரும்பாலும் 0.7, 0.8 மில்லிமீட்டர் கனம்தான். பின்பக்கத்திலிருந்து அரித்துக்கொண்டு வந்து, கடைசியாக முன்பக்கப் பெயிண்டைத் தள்ளும்போதுதான் நமக்குக் கொப்புளமாகத் தெரிகிறது. துரு, தான் தின்ற இரும்பைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலான இடத்தை அடைக்கும். அதனால்தான் பெயிண்ட் உப்புகிறது. கம்பி துருப்பிடித்த வீட்டுக்கூரையில் சிமெண்ட் பெயர்ந்து விழுவதும் இதே காரணத்தால்தான்.

அண்ணாச்சி அடுத்துக் கேட்ட கேள்வி: “வண்டிய எந்தத் தண்ணியில கழுவுதிய?”

போர் தண்ணீர் என்றேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

எங்கள் போர் தண்ணீரை வாயில் வைத்தால் கரிக்கும். ஆர்.ஓ. மெஷின் மாட்ட வந்தவர் கரைந்திருக்கும் உப்பைக் கருவி வைத்து அளந்தபோது லிட்டருக்கு 2,400 மில்லிகிராம் காட்டியது. அந்தத் தண்ணீரில்தான் அப்பா பதினோரு வருடம் தினமும் கழுவியிருக்கிறார். வெளியே துணியால் துடைத்துவிடுவார், சரி. ஆனால் கதவுக் கண்ணாடி ஏறி இறங்கும் பீடிங் ரப்பர் வழியாகக் கதவுக்குள் ஒழுகிய தண்ணீரை யார் துடைப்பது? தண்ணீர் காய்ந்துவிடும், உப்பு அங்கேயே தங்கும். மறுநாள் இன்னும் கொஞ்சம் சேரும்.

சாப்பாட்டு உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினாலே தானாகத் தண்ணீரை இழுத்துக் கரையத் தொடங்கும். ஐப்பசி, கார்த்திகையில் அடுக்களை உப்பு ஜாடி கசிவதை எல்லோரும் பார்த்திருப்போம். கடலுப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடு அதைவிட மோசம், ஏறக்குறைய 33 சதவீத ஈரப்பதத்திலேயே கசியும். ஆக, உப்புப் படிந்த தகடு மழை பெய்யாத நாளிலும் நனைந்தேதான் இருக்கிறது. அந்த உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். துருப்பிடிப்பது ஒருவகை மின்வேதி வேலை, தகட்டின் ஓரிடம் கரையும், இன்னோரிடத்தில் ஆக்சிஜன் அந்த எலக்ட்ரான்களை வாங்கிக்கொள்ளும், நடுவில் உப்புத் தண்ணீர் பாலம் போட்டுக் கொடுக்கும். அதற்குமேல் பிளாஸ்டிக் கவரைப் போட்டு மூடிவிட்டால் காய்வதற்கு வழியே இல்லை. காலையில் வெயில் ஏறியதும் கவருக்குள் கை விட்டுப் பார்த்தால் இட்லிச்சட்டி மூடியின் உள்பக்கம் மாதிரி வியர்த்திருக்கும்.

இதை அப்பாவிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் அந்த வண்டிக்குச் செய்தது எல்லாம் பாசம். யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான். வண்டி கொடுத்தவர்கள் சாவியோடு தந்த கையேட்டில் எஞ்சின் ஆயிலைப் பற்றிப் பக்கம் பக்கமாக இருந்தது. உப்புத் தண்ணீரைப் பற்றி ஒரு கடற்கரை ஊர்க்காரருக்கு யாராவது வாய்வார்த்தையாகவாவது சொல்லியிருக்கலாம்.

சொல்ல ஆள் இல்லாத ஊரும் இல்லை நம்முடையது. காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் 1953 முதல் இயங்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், சிக்ரி, உலோகம் அரிபடுகிற அரிமானத்தையே ஒரு துறையாக வைத்து ஆராய்கிறது. மண்டபத்திலும் எங்கள் தூத்துக்குடியிலும் கடலோரப் பிரிவுகள் வைத்திருக்கிறது. மண்டபத்துக்கு எதிரே பாம்பனில் 1914ல் திறந்த ரயில் பாலத்தை நூறு வருடத்துக்கும் மேல் நிறுத்திவைத்தது அடிக்கடி சுரண்டிப் பெயிண்ட் அடித்த கைகள்தான். அப்படியும் 2022 டிசம்பரில் அதில் ரயிலை நிறுத்த வேண்டி வந்தது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் துருவேறாத எஃகுக் கம்பிகளும் பாலிசிலாக்சேன் பூச்சும் போட்டிருக்கிறார்கள். பாலத்துக்குத் தெரிந்த இந்தக் கடற்காற்றுக் கணக்கு நம் வீட்டு வாசலில் நிற்கும் தகட்டுக்கும் பொருந்தும்.

அன்றைக்கு அண்ணாச்சி கொட்டகையின் கூரையிலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவினார். கதவைத் திறந்து, அடி விளிம்பைக் குனிந்து பார்க்கச் சொன்னார். சுண்டுவிரல் நகம் அளவில் மூன்று ஓட்டைகள். கதவுக்குள் இறங்கும் தண்ணீர் வெளியேறுவதற்கு என்றே கம்பெனியில் விடுகிற வழி அது. நான் அதுவரை கவனித்ததே இல்லை. மூன்றும் மண்ணும் மெழுகுமாக அடைத்துக் கிடந்தன. ஈர்க்குச்சியை விட்டுக் குடைந்தார். முதலில் ஒரு கட்டி விழுந்தது, பிறகு கருப்பாக, நாற்றத்தோடு தண்ணீர். அரைச் செம்பு இருக்கும். மழை நின்று பத்து நாள் ஆகியிருந்தது.

கதவுக்குள் தண்ணீர் போகாமல் தடுக்க முடியாது, தடுக்கவும் தேவையில்லை. அது போவதற்கென்றே கதவு அமைந்திருக்கிறது. வெளியேறும் வழி திறந்திருந்தால் போதும். ரன்னிங் போர்டின் அடியிலும் இப்படி ஓட்டைகள் உண்டு. முன்கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் உட்காரும் பள்ளத்திலிருந்தும் இரண்டு பக்கமும் தண்ணீர் இறங்கும் வழி உண்டு. வேப்பமரத்து நிழலில் வண்டியை நிறுத்துகிறவர்கள் அந்தப் பள்ளத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும். எங்கள் வண்டியில் இரண்டு கை நிறைய வேப்பஞ்சருகு மக்கி உரமாகவே ஆகியிருந்தது, ஈரப் பஞ்சு மாதிரி தகட்டோடு ஒட்டிக்கொண்டு.

இனி, அவர் செய்த வேலையைச் சொல்கிறேன். ஒரு பட்டறையில் வண்டியை விடும்போது என்ன கேட்க வேண்டும் என்று தெரிய இது உதவும்.

முதலில், துருவேறிய தகட்டை வெட்டி எடுத்தார். கொப்புளம் நாலு விரல் என்றால் வெட்டியது ஒரு முழம். “நல்ல தகடு வர வரைக்கும் வெட்டணும். அழுகுன பழத்துல பாதிய விட்டா மீதியும் போயிரும்லா” என்றார். வெல்டிங்குக்கு முன் பேட்டரி கழற்றி, உள்ளே கார்ப்பெட்டும் சீட்டும் எடுத்து, பக்கத்தில் தண்ணீர் வாளி வைத்துக்கொண்டார். இதைச் செய்யாத பட்டறையில் வண்டியை விடாதீர்கள். தகட்டின் மறுபக்கம் இருக்கும் பஞ்சு பற்றிக்கொண்டால் வண்டியே போய்விடும். அதே கனத்தில் நாகம் (துத்தநாகம், ஜிங்க்) பூசிய புதுத் தகட்டை வளைத்து, சிஓ2 வெல்டிங்கில் புள்ளி புள்ளியாக, சூடு ஒரே இடத்தில் ஏறாமல் மாற்றி மாற்றி வைத்துப் பிடித்தார். நாகம் பூசிய தகட்டில் வெல்டிங் வைக்கும்போது வரும் வெள்ளைப் புகை உடம்புக்கு ஆகாது. அவர் மூக்கில் துண்டு மட்டும் கட்டியிருந்தார். அடுத்த முறை போகும்போது நல்ல முகமூடி ஒன்று வாங்கிக்கொண்டு போனேன். சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார். போட்டாரா என்று தெரியாது.

வெல்டிங் வைத்த இடத்தில் நாகம் எரிந்து போயிருக்கும். ஆகவே அதன்மேல் உடனே பூச்சு வேண்டும். சாதாரண ரெட் ஆக்சைடு பிரைமர் கேட் கம்பிக்குச் சரி, காருக்கு நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஈரம் அதன் வழியாக மெல்ல உள்ளே போய்விடும். இரண்டு டப்பாவைக் கலந்து அடிக்கிற எப்பாக்ஸி பிரைமர்தான் ஈரத்தைத் தடுத்து நிறுத்துவது. தகட்டை மினுமினுக்கத் தேய்த்து, தின்னரால் எண்ணெய்ப்பசை போகத் துடைத்து, காய்ந்தவுடன் அடிக்க வேண்டும். மேலும் முக்கியமான விஷயம், வெறும் தகட்டை ஒரு ராத்திரிகூட விட்டுவைக்கக் கூடாது. எங்கள் ஊர்க் காற்றில் சாயங்காலம் தேய்த்த தகடு விடிவதற்குள் மஞ்சள் பூத்துவிடும். பல பட்டறைகளில் வண்டியைத் தேய்த்துப் போட்டுவிட்டு நாலு நாள் கழித்துப் பெயிண்ட் அடிப்பதை இன்றைக்கும் பார்க்கிறேன். அந்த வேலை வருடம் தாங்காது.

பட்டி அதற்கப்புறம்தான், எப்பாக்ஸி பிரைமருக்கு மேலே, முடிந்த அளவு மெல்லியதாக. பட்டி சுண்ணாம்புக்கட்டி மாதிரி தண்ணீரை உறிஞ்சும். அதனால் பட்டி தேய்க்கும்போது அண்ணாச்சி தண்ணீர் தொடவே இல்லை, உலர் எமரித் தாள்தான். தண்ணீர் போட்டுத் தேய்த்தால் வேலை சீக்கிரம் முடியும், தூசி பறக்காது. ஆனால் உறிஞ்சிய தண்ணீர் பெயிண்டுக்கு அடியில் மாட்டிக்கொள்ளும். தகடு சேரும் இடங்களில் எல்லாம் சீலன்ட் விட்டு விரலால் தடவினார். பிறகு பிரைமர், கலர், மேலே கிளியர். கம்பெனியில் வரும் எல்லாப் பூச்சும் சேர்ந்தே சுமார் 100 முதல் 150 மைக்ரான்தான் கனம் இருக்கும், மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு சொச்சம். அதைக் கையில் அடித்துக் கொண்டுவருவது கலைதான். ஆனால் கம்பெனி செய்யும் ஒரு வேலையை எந்தப் பட்டறையாலும் செய்ய முடியாது. அங்கே பாடியை முழுசாகத் தொட்டியில் முக்கி, மின்சாரம் பாய்ச்சி, மூலை முடுக்கெல்லாம் பிரைமர் ஒட்ட வைத்துச் சூளையில் சுடுகிறார்கள். வெட்டி ஒட்டிய இடத்தின் உள்பக்கத்துக்கு அந்தப் பூச்சு இனிக் கிடையாது.

அதற்கு மாற்றாகத்தான் கேவிட்டி வேக்ஸ் என்ற மெழுகு. நீளமான குழாயோடு வரும் ஸ்ப்ரே டப்பா. பெயிண்ட் எல்லாம் காய்ந்து ஒரு வாரம் கழித்து, அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். ரன்னிங் போர்டின் ஓட்டை வழியாகக் குழாயைக் கடைசிவரை விட்டு, மெல்ல இழுத்துக்கொண்டே அடித்தார். மெழுகு மடிப்புகளில் ஊறி, கீழே ஓட்டைகளில் சொட்டியது. சொட்டி முடிந்ததும் மறுபடி ஈர்க்குச்சி, ஓட்டைகளை மெழுகு அடைத்துவிடாதபடி. கதவுகளுக்கும் அப்படியே. என் கணக்கில் முழு வேலையிலும் காசுக்கு அதிகப் பலன் தந்தது இந்த மெழுகுதான். புது வண்டி வாங்குகிற கடற்கரை ஊர்க்காரர்களிடம் நான் இப்போது சொல்வது இதைத்தான். பளபளப்புக்கு என்று விற்கும் கோட்டிங் உங்கள் விருப்பம், அதற்கு முன் உள்பக்கம் மெழுகு அடியுங்கள். அடிப்பாகத்துக்குத் தார் மாதிரி கெட்டியாக அடிக்கும் அண்டர்கோட்டிங்கில் எச்சரிக்கை வேண்டும். புது வண்டியில் சுத்தமான தகட்டில் அடித்தால் நல்லது. ஏற்கெனவே துரு கண்ட வண்டியில் மேலோடு அடித்தால், அது வெடித்த இடத்தில் தண்ணீர் புகுந்து அடியிலேயே தங்கிவிடும். வெளியே கருப்பாக, அழகாக இருக்கும், உள்ளே தகடு உதிரும்.

அந்த இரண்டாவது வேலைக்கு முதல் தடவையைவிட 5,000 ரூபாய் கூடுதல். முதலிலேயே இங்கே வந்திருந்தால் என்ற வருத்தம் இன்னும் உண்டு.

சின்னத் துருவை நானே பார்த்துக்கொள்ளக் கற்றுக்கொண்டேன், அதிலும் ஒரு தடவை சறுக்கினேன். பானெட் முனையில் கல் தெறித்த இடங்கள் நாலைந்து. கடையில் ரஸ்ட் கன்வர்ட்டர் என்று பாட்டிலில் கிடைத்தது. துருமேல் தடவினால் கருப்பாக மாறும். கருப்பாகிவிட்டது, துரு செத்துவிட்டது என்று நினைத்து அரைமணி நேரத்தில் மேலே டச்சப் பெயிண்டைத் தடவினேன். ஒரு மாதத்தில் அந்தப் பெயிண்ட் நகத்தால் சுரண்டினால் உரிந்து வந்தது. இரண்டு தப்பு. உதிரும் துருவைக் கம்பி பிரஷாலும் எமரித் தாளாலும் எடுக்காமல் தடவினேன். அந்தத் திரவம் மேலாக ஒட்டியிருக்கும் மெல்லிய துருவைத்தான் மாற்றும், செதில் செதிலாக இருப்பதன் அடிவரை போகாது. அடுத்தது, டப்பாவில் போட்டிருந்த நேரம் காய விடவில்லை. சிலவற்றைக் காய்ந்தபின் கழுவித் துடைக்கவும் சொல்வார்கள். அந்தச் சின்ன எழுத்தைப் படித்துவிட்டுத் தொடங்குங்கள்.

அந்தக் கருப்பு நிறம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தபோது எனக்கு ஒரு சந்தோஷம். கன்வர்ட்டரில் இரண்டு வகை, பாஸ்பாரிக் அமிலம் ஒன்று, டானிக் அமிலம் இன்னொன்று. டானின் என்பது கடுக்காயில் நிறைய இருப்பது. கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து மை காய்ச்சிய ஊர் நம்முடையது. அன்னபேதி இரும்பின் உப்பு. இரும்பும் டானினும் சேர்ந்து கருப்பாவதுதான் அந்த மையின் ரகசியம், காரில் நடப்பதும் அதேதான். அதற்காகக் கடுக்காயை இடித்துக் காரில் தடவச் சொல்லவில்லை. கடையில் வருவதில் பூச்சாகப் படிந்து நிற்க வேறு பொருளும் சேர்த்திருக்கிறார்கள்.

இப்போது நான் செய்யும் முறை: தெறித்த இடத்தைச் சுற்றி டேப் ஒட்டி, 180 நம்பர், பிறகு அதைவிட நைசான 320 நம்பர் எமரித் தாளால் பளிச்சென்று தகடு தெரியும்வரை தேய்ப்பேன். குழியில் கருப்புப் புள்ளிகள் மிச்சம் இருந்தால் மட்டும் கன்வர்ட்டர், ஒரு நாள் காய விட்டு. பிறகு தின்னரில் துடைத்து, எப்பாக்ஸி பிரைமர் தீக்குச்சி முனையால் ஒரு சொட்டு. அது காய்ந்ததும் கலர், மெல்ல மெல்ல மூன்று தடவை. மழைக்காலத்தில் தொடவே மாட்டேன். மாசி, பங்குனியில் காற்று காய்ந்திருக்கும்போது, பதினோரு மணிக்குமேல், நிழலில் வைத்துச் செய்வேன். கடினமாக்கி கலந்து அடிக்கிற 2கே பெயிண்டை ஸ்ப்ரேயாக வீட்டில் அடிக்காதீர்கள். அதன் கடினமாக்கியில் இருக்கும் ஐசோசயனேட் நுரையீரலைக் கெடுக்கும், கைக்குட்டை கட்டினால் நிற்காது.

2021ல் பதினைந்து வருடம் முடிந்து ஆர்.சி. புதுப்பிக்கப் போனோம். ஆய்வாளர் குனிந்து அடிப்பாகத்தைப் பார்த்தபோது அப்பா மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார். ஐந்து வருடத்துக்குக் கிடைத்தது.

பிறகு 2023 டிசம்பர் வெள்ளம். பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிய அந்த இரண்டு நாள்களை எங்கள் பக்கத்து ஆள்கள் யாரும் மறக்க முடியாது. எங்கள் தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர், நாலு நாள் நின்றது. வீட்டில் பாட்டியை மாடிக்கு ஏற்றவும் அரிசியைத் தூக்கவும்தான் நேரம் இருந்தது. காரை யார் பார்த்தார்கள்? சீட்டின் அடிவரை சாக்கடையும் கடலும் கலந்த தண்ணீர்.

தண்ணீர் வடிந்ததும் மெக்கானிக் வந்து எஞ்சினையும் வயரிங்கையும் பார்த்தார். வண்டி ஓடியது. எல்லோரும் அதோடு விட்டுவிட்டார்கள். நான் மட்டும் அண்ணாச்சியின் ஸ்க்ரூடிரைவரை நினைத்துக்கொண்டு நாலு சீட்டையும் கழற்றினேன். மேலே கார்ப்பெட் காய்ந்திருந்தது. அதற்கடியில் ஒட்டியிருக்கும் இரண்டு அங்குலப் பஞ்சைப் பிழிந்தால் தண்ணீர் கொட்டியது. மொட்டைமாடியில் போட்டு எட்டு நாள் காய வைத்தும் நாற்றம் போகாததால் அந்தப் பஞ்சைத் தூக்கி எறிந்தேன். தரைத்தகட்டை லாரியில் வந்த தாமிரபரணித் தண்ணீரால் மூன்று முறை கழுவினேன். குடிக்கிற தண்ணீரைக் காருக்கு ஊற்றுகிறாயே என்று அம்மா திட்டினாள், நியாயமான திட்டு. ஆனால் உப்பைக் கழுவ உப்பில்லாத தண்ணீர்தான் வேண்டும். தரையில் இருக்கும் ரப்பர் மூடிகளை எடுத்து வடிய விட்டு, கதவின் உள்பக்க அட்டைகளைக் கழற்றி, டேபிள் ஃபேனை ஒவ்வொரு கதவுக்கும் ஒருநாள் ஓடவிட்டேன். ரன்னிங் போர்டுக்குள் குழாய் விட்டு ஓட்டைகளில் தெளிந்த தண்ணீர் வரும்வரை கழுவி, காய்ந்ததும் மறுபடி மெழுகு. எங்கள் தெருவில் அன்றைக்கு மூழ்கிய இரண்டு வண்டிகளில், அடுத்த வருடம் டிரைவர் சீட்டின் போல்ட்டைச் சுற்றித் தகடு உதிரத் தொடங்கிவிட்டது. அப்பாவின் பழைய வண்டியில் உதிரவில்லை.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகள் கழுவித் துடைத்து வேறு ஊர்ச் சந்தைக்குப் போய்விடும். பழைய கார் வாங்கப் போகிறவர்கள் பெயிண்டைப் பார்த்து மயங்க வேண்டாம். டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கிக் குழியைப் பாருங்கள். சீட் தண்டவாளம், சீட் பெல்ட் போல்ட், மிதியடிக்கு அடித்தகடு ஆகியவற்றில் துரு இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். மட்கார்டு விளிம்புக்குள் விரலை விட்டு ஓட்டிப் பாருங்கள், மண் சேர்ந்து செதில் செதிலாகத் தட்டுப்படும். துணி சுற்றிய காந்தம் ஒன்று பையில் இருக்கட்டும். கதவு விளிம்பிலும் பெயிண்ட் கனமாகத் தெரியும் இடத்திலும் வைத்துப் பாருங்கள். சில வண்டிகளில் பானெட் அலுமினியமாகவும் மட்கார்டு பிளாஸ்டிக்காகவும் இருக்கும். அங்கே காந்தம் ஒட்டாததால் பயப்பட வேண்டாம்.

அன்றாடத்தில் மாற்றியது கொஞ்சம்தான். தினமும் கழுவுவதை நிறுத்தினோம். பத்து நாளைக்கு ஒருமுறை நல்ல தண்ணீரில், அதுவும் அடிப்பாகத்துக்கும் சக்கர வளைவுக்கும் முதலில். மாடியில் மழைத்தண்ணீர் பிடிக்க இரண்டு டிரம் வைத்தோம், வண்டிக்கு அதைவிட நல்ல தண்ணீர் கிடையாது. கழுவியதும் கவர் போடாமல் பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வர வேண்டும், காற்றில் மடிப்புகள் காயும். பிளாஸ்டிக் கவரைத் தூக்கிப் போட்டுக் காற்றுப் போகும் துணிக்கவர் வாங்கினோம். பேட்டரித் தட்டில் வெள்ளையாகப் பூத்தால் சமையல் சோடா கரைத்த தண்ணீரால் கழுவித் துடைப்போம், அமிலம் பட்ட தகடு வெகு சீக்கிரம் போகும். முன்சீட்டுக்கு முன்னால் இடப்பக்க மிதியடி காரணமில்லாமல் நனைந்திருந்தால் மேலே மழை ஒழுகுகிறது என்று தேடாதீர்கள். பெரும்பாலும் ஏசியின் தண்ணீர்க்குழாய் அடைத்திருக்கும்.

இதையெல்லாம் அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று நான் தயங்கியதற்கு அர்த்தமே இல்லாமல் போனது. அண்ணாச்சியின் கொட்டகைக்கு வண்டியை எடுக்கப் போன அன்று அவரும் கூட வந்தார். ஓட்டைகளிலிருந்து மெழுகு சொட்டுவதைக் குனிந்து வெகுநேரம் பார்த்தார். “இத்தனை வருசமா இந்த வழிய அடைச்சே வச்சிருந்திருக்கேன்” என்று அண்ணாச்சியிடம் சொன்னார். “யாருக்கு அண்ணாச்சி தெரியும், விடுங்க” என்றார் அவர்.

இந்தப் புரட்டாசிக் கடைசியிலும், கொண்டல் காற்று திரும்புவதற்கு முன், அப்பா வண்டிக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எழுபத்துநாலு வயது, முழங்கால் மடங்காது. நாலு கதவையும் விரியத் திறந்து வைத்து, புது விளக்குமாற்றிலிருந்து உருவிய ஈர்க்குச்சியால் ஓர் ஓட்டை விடாமல் குடைந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு கதவிலும் கண்ணாடி பீடிங் இடுக்கு வழியாக ஒரு டம்ளர் மழைத்தண்ணீர் ஊற்றி, அது அடி ஓட்டைகளில் ஒழுகுகிறதா என்று என்னைப் பார்க்கச் சொன்னார். நான் தரையில் படுத்துப் பார்த்து, “வருதுப்பா” என்றேன். அடுத்த கதவுக்கு முக்காலியை நகர்த்தினார்.